நாய் கயிற்றை இழுக்கிறதா? காலர் என்ன செய்யும், என்ன செய்யாது

பெட் ஷாப்பில் போய் "வாக்கிங் கூட்டிப் போனால் நாய் ரொம்ப இழுக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இழுத்தால் கழுத்தை இறுக்கும் ஒரு சோக் செயின் மேசைக்கு வரும். சில கடைகளில் உள்பக்கம் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் பிராங் காலரும் இருக்கும். இரண்டையும் டிரெய்னிங் காலர் என்று விற்கிறார்கள். வாங்கி மாட்டிய முதல் சில நாட்களில் இழுப்பது குறையவும் செய்யும். அப்புறம் நாய் மறுபடி இழுக்க ஆரம்பிக்கும், இந்த முறை இருமிக்கொண்டே.

புதிதாக நாய் வளர்ப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: எந்தக் காலரும் நாய்க்கு நடக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. இழுக்கும்போது கழுத்தில் ஓர் அழுத்தத்தையோ வலியையோ தருகிறது, அவ்வளவுதான். நாய் பாடம் படிப்பது, தான் செய்ததற்கு அடுத்த நொடியில் என்ன கிடைத்தது என்பதிலிருந்து. இது பிடிபட்டுவிட்டால் எந்தப் பட்டை வாங்குவது, எதை வாங்கவே கூடாது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

நாய் ஏன் இழுக்கிறது?

நம்மை மதிக்காததால் இல்லை. "நாய் முன்னால் போனால் அது தன்னைத் தலைவனாக நினைக்கிறது" என்று இன்றும் சொல்கிறார்கள். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஓர் அடைப்பில் போட்டுப் பார்த்த பழைய ஆய்வுகளிலிருந்து வந்த எண்ணம் அது. அதைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், 1999-ல் தானே அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், தகப்பன், அவற்றின் பிள்ளைகள் சேர்ந்த குடும்பம். தலைமைக்குச் சண்டை போடும் கூட்டம் அல்ல.

உண்மையான காரணங்கள் சாதாரணமானவை. நாயின் இயல்பான நடை வேகமே நம்முடையதைவிட அதிகம். தெருவில் ஒவ்வொரு கம்பத்திலும் அதற்குப் படிக்கச் செய்தி இருக்கிறது. அதற்கு மேல், இழுத்தால் பலன் கிடைக்கிறது. நாய் கம்பத்தைப் பார்த்து இழுக்கிறது, நாம் கை வலிக்கிறதே என்று இரண்டு அடி பின்னாலேயே போகிறோம், கம்பம் வந்துவிடுகிறது. இழுத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போகலாம் என்று நாமேதான் அதற்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-ல் பூனைகளை வைத்துக் காட்டியதும் இதைத்தான். பெட்டிக்குள் அடைத்த பூனை எதையெதையோ செய்துபார்க்கும். தற்செயலாகக் கதவைத் திறக்கும் கயிற்றை இழுத்துவிட்டால் வெளியே சாப்பாடு. அடுத்தடுத்த தடவைகளில் அது வெளியே வர எடுத்துக்கொண்ட நேரம் குறைந்துகொண்டே வந்தது. நல்ல பலன் தந்த செயல் திரும்ப நடக்கும், தராதது மெல்ல மறையும். நாய்ப் பயிற்சியில் பெரும்பகுதி இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

பிறகு வந்த இன்னொரு அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் இதில் இன்னொன்றைச் சேர்த்தார். பலன் ஒவ்வொரு முறையும் கிடைக்காமல் எப்போதாவது மட்டும் கிடைத்தால், அந்தப் பழக்கம் இன்னும் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும். வீட்டில் அப்பா கூட்டிப் போகும்போது நிற்கிறார், பையன் கூட்டிப் போகும்போது நாய் இழுத்த பக்கமெல்லாம் ஓடுகிறான் என்றால், நாய் இழுப்பதை விடவே விடாது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் கிடைக்கும் என்று அதற்குத் தெரியும். பயிற்சி பலிக்காத வீடுகளில் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்: யார் யார் கூட்டிப் போகிறீர்கள், ஒவ்வொருவரும் என்ன செய்கிறீர்கள்?

இன்னொரு காரணம் உடலிலேயே இருக்கிறது. கூட்டமான பஸ்ஸில் பின்னாலிருந்து யாராவது தள்ளினால் நாம் யோசிக்காமலே காலை ஊன்றி எதிர்ப்பக்கம் சாய்கிறோம் அல்லவா, நாயும் அப்படித்தான். கழுத்தைப் பின்னால் இழுத்தால் அதன் உடம்பு முன்னால் தள்ளும். நாம் இழுக்க இழுக்க அது இன்னும் இழுக்கும். கயிறு எப்போதும் விறைப்பாக இருக்கும் நடையில் இழுபறியைத் தொடங்கிவைப்பது பாதி நேரம் நம் கைதான்.

நாள் முழுக்கக் கட்டிப்போட்டு, மாலையில் பத்து நிமிடம் வெளியே கூட்டிப் போகும் நாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அது இழுக்காமல் வேறென்ன செய்யும்? 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவிலேயே, எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடமாட விடாததையும் வதை என்று கணக்கில் எடுக்கிறது. அப்படி வளரும் நாய்க்கு முதலில் வேண்டியது காலர் அல்ல, சங்கிலியிலிருந்து விடுதலை.

கழுத்தில் மாட்டுபவை

சாதாரணப் பட்டைக் காலர் எல்லோருக்கும் தெரியும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பெயரும் போன் நம்பரும் உள்ள வில்லையைத் தொங்கவிட இதுதான் இடம். இழுக்காத நாய்க்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நம் ஊர் வேட்டை நாய்களை வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. இவை கண்ணால் பார்த்து விரட்டும் இனங்கள். தலை ஒடுங்கி நீண்டிருக்கும், கழுத்து கிட்டத்தட்டத் தலை அளவுக்கே இருக்கும். ஏதாவது சத்தத்துக்குப் பயந்து பின்னால் நகர்ந்தால் பட்டை அப்படியே தலை வழியாகக் கழன்று வந்துவிடும். அதன்பின் அந்த வேகத்தைப் பிடிக்க யாராலும் முடியாது. இவற்றுக்கென்றே உள்ளது மார்ட்டிங்கேல் காலர். கிரேஹவுண்ட் வளர்ப்பவர்கள் விரும்பிப் பயன்படுத்துவது. பெரிய வளையம் ஒன்று கழுத்தைச் சுற்றி, சின்ன வளையம் ஒன்று கயிற்றோடு. இழுபட்டால் கழுத்தின் அளவு வரை மட்டும் இறுகி நின்றுவிடும், அதற்கு மேல் இறுகாது. சின்ன வளையத்தை முழுக்க இழுத்துப் பிடித்தபடி உங்கள் விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். விரல் நெரிபட்டால் அளவு தவறு. நாய் கழன்று ஓடாமல் காப்பதுதான் இதன் வேலை. திருத்தும் கருவியாக இதைச் சுண்டி இழுத்தால் இதுவும் சோக் செயின் ஆகிவிடும்.

சோக் செயின் காவல்துறை, ராணுவ நாய்ப் பயிற்சியோடு சேர்ந்து பரவிய பொருள். ஒரு சங்கிலி, இரு நுனியிலும் வளையம். இழுத்தால் இறுகிக்கொண்டே போகும், எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. இதை மாட்டுவதிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது, வாங்குபவர்களில் பலருக்கு அதை யாரும் சொல்வதில்லை. நாயை இடப்பக்கம் நடத்துவீர்கள் என்றால், அதன் முகத்துக்கு நேரே நின்று மாட்டும்போது சங்கிலி ஆங்கில 'P' எழுத்துப் போலத் தெரிய வேண்டும். அப்போதுதான் கயிறு தளர்ந்ததும் சங்கிலியும் தன் எடையிலேயே வழுக்கித் தளரும். திருப்பி '9' போல மாட்டினால், இறுகியது இறுகியபடியே நின்றுவிடும். நாய் இழுப்பதை நிறுத்தினாலும் நெரிப்பு நிற்காது. தான் எதைச் சரியாகச் செய்தோம் என்று அந்த நாய் எப்படித் தெரிந்துகொள்ளும்?

சரியாகவே மாட்டினாலும், அது கேட்பது ஒரு நொடிக்குள் சுண்டி உடனே விடும் கை. இருபது வருடம் இதே வேலையாக இருப்பவருக்கே எல்லா நேரமும் வராத கைப்பக்குவம் அது. புதியவர் கையில் நடப்பது தொடர்ச்சியான நெரிப்புதான். கொஞ்ச நாளில் நாய் அதற்கும் பழகிவிடும். பிறகு இன்னும் பலமாகச் சுண்ட வேண்டும், அதற்கும் பழகும்.

பிராங் காலர் கழுத்துத் தோலைச் சுற்றிலும் கவ்விக் கிள்ளுகிறது. ஜெர்மனியில் 2022 ஜனவரி முதல் நாய்ப் பயிற்சியில் இதைப் பயன்படுத்தத் தடை. ஷாக் அடிக்கும் எலெக்ட்ரிக் காலரை வேல்ஸ் 2010-லேயே தடைசெய்தது. இந்த இரண்டையும் பற்றி என் கருத்து ஒரே வரி: வாங்காதீர்கள்.

"நெரித்தால் நாய் நிற்கிறதே" என்று கேட்பார்கள். நிற்கிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மூச்சுக்குழாய், குரல்வளை, தைராய்டு சுரப்பி, தலையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய நாளங்கள், முன்னங்காலுக்குப் போகும் நரம்புகளின் வேர், எல்லாம் அந்த நான்கு விரல் இடத்தில்தான். 2006-ல் வெளிவந்த ஒரு கால்நடை மருத்துவ ஆய்வில், காலரோடு இழுத்த நாய்களுக்குக் கண்ணுக்குள் அழுத்தம் கூடியது. கழுத்தை விட்டு உடம்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸோடு இழுத்தபோது அப்படிக் கூடவில்லை. கண் பிதுங்கியிருக்கும் பக் வளர்ப்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி. பொமரேனியன் மாதிரி சின்ன இனங்களுக்கு மூச்சுக்குழாய் தொய்ந்துபோகும் நோய் எளிதில் வரும், கழுத்து அழுத்தம் அதன் இருமலைக் கிளப்பிவிடும்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தில் 2020-ல் செயற்கைக் கழுத்து ஒன்றைச் செய்து, பல வகைக் காலர்களை மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். இழுபடும்போது காயம் உண்டாக்காது என்று சொல்லும்படி ஒரு வகைகூடத் தேறவில்லை. அகலப் பட்டை, பஞ்சு வைத்த பட்டை எல்லாம் சேர்த்துத்தான். ஆக, இழுக்கும் நாய்க்கு நல்ல காலர் என்று ஒன்று கிடையாது.

வலி எதோடு ஒட்டிக்கொள்கிறது?

வலி கொடுக்கும் காலரில் எனக்கு ஆகாத இடம் உடல் காயத்தைவிட இதுதான், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம் தெருக்களில் ஒவ்வொரு முனையிலும் நான்கு தெருநாய்கள் இருக்கும். உங்கள் லேப்ரடார் ஒரு தெருநாயைப் பார்க்கிறது. ஆசையோடு வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் பாய்கிறது. உடனே கழுத்தில் சுருக். நாம் நினைப்பது, "பாய்ந்ததற்குத் தண்டனை கிடைத்தது, இனிப் பாயாது." நாயின் கணக்கு வேறு. அதன் கண் முன்னே நிற்பது இன்னொரு நாய். வலி வந்த நேரத்தில் அது பார்த்துக்கொண்டிருந்தது அந்த நாயைத்தான். பத்து முனையில் பத்து முறை இது நடந்தால், தெருநாய் என்றாலே வலி என்று அதன் மனதில் பதிந்துவிடும். அப்புறம் தூரத்தில் ஒரு நாயைக் கண்டதுமே மயிர் சிலிர்த்து உறுமும், அதைத் துரத்தினால் வலி வராது என்று. "நேற்று வரை நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு கோபக்காரன் ஆயிட்டான்" என்று சொல்லும் வீடுகளில் இப்படி ஒரு கதை மறைந்திருப்பது உண்டு. தெருநாய் இருக்கும் இடத்தில் குழந்தை, சைக்கிள், கூரியர் பையன் என்று யாரை வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள். அங்கேதான் நமக்குப் பயம் வர வேண்டும்.

2020-ல் போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், தண்டித்துப் பயிற்றும் பள்ளிகளிலிருந்து வந்த நாய்களிடம் பதற்றத்தின் அடையாளங்கள் கூடுதலாகத் தெரிந்தன. பயிற்சிக்குப் பிறகு எச்சிலில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனின் அளவும் உயர்ந்தது. அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, எல்லா நாய்களுக்கும், கடிக்கும் குணமுள்ளவை உட்பட, பரிசு கொடுத்துப் பயிற்றும் முறையையே பரிந்துரைத்தது.

அப்படியென்றால் எதை வாங்குவது?

இழுக்கும் நாய்க்கு, மார்புப் பக்கம் கொக்கி வைத்த ஹார்னஸ். முதுகில் மட்டும் கொக்கி உள்ளது வேண்டாம், அதில் நாய் மொத்த மார்பையும் கொடுத்து வண்டி இழுப்பதுபோல் இழுக்கும். பனியில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்கு ஹார்னஸ் போடுவதே அதற்காகத்தான். கொக்கி மார்பில் இருந்தால் இழுக்கும்போது உடல் பக்கவாட்டில் உங்களை நோக்கித் திரும்பும், இழுத்தும் பலன் இல்லை. தோள்பட்டைக்குக் குறுக்கே பட்டை ஓடாமல், முன்னங்கால்கள் தடையில்லாமல் நீளும்படி பார்த்து வாங்குங்கள்.

முகத்தைச் சுற்றி மாட்டும் ஹெட் காலர் ஒன்றும் உண்டு. குதிரையின் தலைக்கயிற்றை ஒட்டிய யோசனை. தலை திரும்பினால் உடம்பும் திரும்பும். உங்கள் எடைக்குச் சமமான ராட்வீலரைச் சமாளிக்க உதவும். ஆனால் பல நாய்களுக்கு முதலில் பிடிக்காது, தீனி கொடுத்துப் பல நாள் பழக்கிய பிறகே மாட்ட வேண்டும், எந்த நிலையிலும் சுண்டக் கூடாது. பக் போன்ற தட்டை மூஞ்சி இனங்களுக்கு நிற்காது.

கயிறு ஐந்தாறு அடி நீளத்தில், துணி அல்லது நைலான். பட்டனை அழுத்தினால் நீண்டு சுருங்கும் வகை வேண்டாம். இழுத்தால்தான் கயிறு நீளும் என்றால் அது இழுக்கவே கற்றுக்கொடுக்கிறது.

கற்றுக்கொடுப்பது

நமக்கு வேண்டியது கயிறு தொய்வாக இருக்கும் நடை. அளவுகோல் கயிற்றின் கொக்கி. அது நாயின் மார்பிலிருந்து நேராகக் கீழே தொங்கினால் சரி. கிடைமட்டமாக உயர்ந்துவிட்டால் கயிறு இறுகிவிட்டது. நடக்கும்போது நாயின் தலையைவிட இந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

வீட்டுக்குள் தொடங்குங்கள். வேகவைத்த கோழியை உப்பு, மசாலா இல்லாமல் பட்டாணி அளவுக்குப் பிய்த்து ஒரு சின்னப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வேகவைத்த முட்டையும் ஆகும், கேரட் பிடிக்கும் நாய்களுக்கு அதுவும் ஆகும். பிஸ்கட்டைவிட இவை நல்லது. நாய் உங்கள் பக்கத்தில் வந்து நின்றதும் ஒரு துண்டு. ஒரு அடி வையுங்கள், கூட வந்தால் ஒரு துண்டு. இரண்டு அடி, ஒரு துண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது தீனி கொடுக்கும் இடம். நாய் இடப்பக்கம் வருகிறது என்றால், இடது கையால், உங்கள் பேண்ட்டின் பக்கவாட்டுத் தையலை ஒட்டி, அதன் வாய் உயரத்தில் கொடுங்கள். கையை முன்னால் நீட்டிக் கொடுத்தால் அடுத்த முறை நாய் முன்னால் வந்து நிற்கும். வலது கையால் உடம்பின் குறுக்கே கொடுத்தால் உங்கள் காலுக்குக் குறுக்கே வரும். பரிசு எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் நாய் இருக்கும். நேரமும் அதே அளவு முக்கியம். பக்கத்தில் இருக்கும் அந்த நொடியிலேயே "சபாஷ்" மாதிரி ஒரு சொல், அதன் பின்னாலேயே துண்டு. பையைத் துழாவி மூன்று நொடி கழித்துக் கொடுத்தால், அதற்குள் அது தலையைத் திருப்பி வேறெங்கோ பார்த்திருக்கும். நீங்கள் பரிசு கொடுத்தது அதற்கு.

வீட்டுக்குள் சரியாக வந்தபின் மொட்டை மாடி அல்லது காம்பவுண்டு, அப்புறம் ஆள் இல்லாத நேரத்துத் தெரு. நேரடியாகத் தெருவுக்குப் போகாதீர்கள். மோப்பமும் ஹாரன் சத்தமும் சேர்ந்த இடத்தில் எந்த நாயாலும் புதுப் பாடம் படிக்க முடியாது. குட்டி என்றால் தடுப்பூசி வரிசை முடிந்து மருத்துவர் சரி என்ற பிறகே தெரு. பார்வோ என்ற வைரஸ் நோய் நம் ஊரில் சாதாரணமாக வரும், கொல்லும்.

தெருவில் நாய் இழுத்தால் நீங்கள் நிற்க வேண்டும். திட்ட வேண்டாம், திரும்ப இழுக்க வேண்டாம், சும்மா நிற்க வேண்டும். கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் நாய் முயற்சி செய்யும், அப்புறம் என்ன ஆயிற்று என்று காதைத் திருப்பும், தலையைத் திருப்பும், ஓர் அடி பின்னால் வரும். கொக்கி கீழே விழும். அந்த நொடியில் பாராட்டிவிட்டு நடங்கள். இழுத்தால் உலகம் நிற்கிறது, தளர்த்தினால் நகர்கிறது. நின்றும் பலிக்காவிட்டால் "வாடா" என்று உற்சாகமாகக் கூப்பிட்டபடி எதிர்ப்பக்கம் திரும்பி நடங்கள், வந்து சேர்ந்ததும் தீனி.

முதல் வாரங்களில் தெரு முனையைக்கூடத் தாண்ட முடியாது. பரவாயில்லை. இடையில் ஒரு கட்டத்தில் இழுப்பது முன்பைவிட அதிகமாகும், பலர் கைவிடுவது அங்கேதான். இதுவரை பலித்த வித்தை பலிக்கவில்லை என்றதும் நாய் கடைசியாகப் பலம் கொடுத்துப் பார்க்கிறது. அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாக இழுத்தால் கிடைக்கும் என்று படித்துக்கொள்ளும்.

தீனி மட்டுமே பரிசு இல்லை. கம்பத்தை மோப்பம் பிடிப்பது நாய்க்குக் கோழித் துண்டைவிடப் பெரிய பரிசாக இருக்கலாம். பத்து அடி தளர்ந்த கயிற்றோடு வந்தால் "போ" என்று கம்பத்துக்கு விடுங்கள், வேண்டிய மட்டும் முகரட்டும். நாய்க்கு நடை என்பதே அதற்குத்தான்.

அவசரமாக வெளியே கூட்டிப் போக வேண்டிய நேரமும் வரும், அப்போது நின்று நின்று போக முடியாது. இதற்கு ஒரு வழி: மார்பிலும் முதுகிலும் கொக்கி உள்ள ஹார்னஸ் என்றால், பயிற்சிக்கு மார்புக் கொக்கி, அவசரத்துக்கு முதுகுக் கொக்கி. எந்தக் கொக்கி மாட்டியிருக்கிறது என்பதை வைத்து இப்போது எந்த விதி என்று நாய் பிரித்துக்கொள்ளும், பாடம் கெடாது.

தெருநாய்கள் வந்தால் தூரம்தான் மருந்து. உங்கள் நாய் பார்த்தும் அமைதியாக இருக்கும் தூரத்தில் நின்று, பார்த்ததும் தீனி கொடுங்கள். வலி ஒட்டிக்கொள்ளும் அதே வழியில் கோழித் துண்டும் ஒட்டிக்கொள்ளும். நெருங்கிவிட்டால் கையிலிருப்பதைத் தரையில் தூவிவிட்டு, அது பொறுக்கும் நேரத்தில் திரும்பி வந்துவிடுங்கள். இதற்கெல்லாம் விடிகாலைதான் நல்ல நேரம். தார் ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாத வெயிலில் நாயை நடத்தவே கூடாது.

நடக்கும்போது இருமல், கர்கர் சத்தம், கழுத்தைத் தொட்டால் சுருங்குவது, ஒரு கண் சிவப்பது ஏதாவது இருந்தால் கழுத்தில் கயிறு மாட்டுவதை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயிற்சியாளர் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், பணம் பேசுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும்? தவறாகச் செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இரண்டாவதற்கு "செயினை ஒரு சுண்டு சுண்டினால் போதும் சார்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். "நாயை என்னிடம் விட்டுவிடுங்கள், ஒரு மாதத்தில் பழக்கித் தருகிறேன்" என்பவரிடமும் விடாதீர்கள். கயிற்றின் மறுமுனையில் தினமும் இருக்கப் போவது நீங்கள், கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி உங்கள் கைக்குத்தான். உங்கள் கண் முன்னால், உங்கள் தெருவில் வைத்துச் சொல்லிக்கொடுப்பவரைத் தேடுங்கள்.